முகத்தைப் பார்த்துச் சொல்லு

"அவ்வளவு தூரத்தில இருந்து என்னத்தைப் பார்ப்பாய்? முன்னுக்கு வா. பிள்ளையளோட இரு" என்றார் மரியம்மா ரீச்சர்.

வகுப்பின் கடைசியில், சுவரோடு கதிரையைப் போட்டு, ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருந்து பார்க்கலாம் என்றுதான் சீலா நினைத்திருந்தாள். இப்போது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் முன்வாங்குப் பலகையில், முழங்கால் நெஞ்சில் முட்ட, அவர்களுக்கு நடுவில் குந்த வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருந்த பொடியன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்களும் படிக்கவோ வந்தனீங்கள்?" என்று கேட்டான்.

"ஓம்" என்றாள் சீலா.

அது அறுபத்துமூன்றாம் ஆண்டு, மூன்றாம் தவணை தொடங்கிய நேரம். கச்சான் காற்று அடித்து ஓய்ந்து, பாலையூற்று ஊரின் மண் இன்னும் சுட்டுக்கொண்டுதான் கிடந்தது. சீலா கடலுக்கு அக்கரை மூதூர்ப் பெண். ஆசிரிய கலாசாலைக்குத் தெரிவாகி, தை பிறந்ததும் போகக் காத்திருந்தாள். "சும்மா வீட்டில இருக்கிறதுக்கு, மரியம்மான்ர வகுப்பில ஒரு தவணை இருந்து பார். பிள்ளையள் எண்டா என்னவெண்டு தெரியாமல் போய் நிக்காத" என்று தாய் எல்சிதான் அனுப்பிவைத்தாள். எல்சியும் மரியம்மாவும் கன்னியர் மடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். தலைமை ஆசிரியர் பாக்கியரத்தினம் சம்மதித்தார். தங்குவதும் மரியம்மா ரீச்சரின் வீட்டில்தான் என்று ஏற்பாடு.

பள்ளிக்கூடம் ஒரு நீண்ட கொட்டகை. மேலே தகரம், இடுப்பளவு சுவர், வகுப்புக்கு வகுப்பு ஒரு பலகைத் தட்டி. இந்தப் பக்கம் வாய்பாடு சொன்னால் அந்தப் பக்கம் வரலாறு படிக்கிறவர்களுக்கும் அது பாடமாகிவிடும். நண்பகலில் துறைமுகத்துச் சங்கு ஊதினால் எல்லா வகுப்புகளிலும் தலைகள் நிமிரும். சங்குக்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குப் பணிஸ் ரொட்டியும் பாலும் வரும்.

ரீச்சருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த, நெடிய உருவம். வெள்ளைச் சேலை, இறுக்கி முடிந்த கொண்டை. குரல்தான் ஒரு மாதிரி. சில நேரம் தேவைக்கு மேல் உரக்கவும், சில நேரம் தனக்குள் பேசுவதுபோல் தணிந்தும் வந்தது. அவருடைய வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பதில் தெரிந்த பிள்ளை இருந்த இடத்திலிருந்து கத்தக் கூடாது. எழும்பி, முன்னால் வந்து, ரீச்சரின் கையைத் தொட்டு, பிறகுதான் சொல்ல வேண்டும்.

"முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்பார் ரீச்சர். "நிலத்தைப் பார்த்துச் சொன்னா நிலத்துக்குத்தான் விளங்கும்."

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, அந்தக் கையைத் தொட்டு, அண்ணாந்து பார்த்துச் சொன்னார்கள். ரீச்சரும் குனிந்து, அந்த ஒரு பிள்ளையைத் தவிர உலகத்தில் வேறொருவரும் இல்லை என்பதுபோல் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சீலாவை அவளுடைய பள்ளிக்கூட நாட்களில் ஒரு ஆசிரியரும் அப்படிப் பார்த்ததில்லை. கலாசாலையில் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்லவேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

*

வீடு தேவாலயத்தை ஒட்டிப் போகிற ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்தது. முன்னால் ஒரு விறாந்தை, இரண்டு அறை, பின்னால் குசினி. பிள்ளைகள் இல்லாத வீடு. ரீச்சரின் புருஷன் யேசுரட்ணம் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் இயக்குகிறவர். வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைத் தளத்தில் வேலை செய்து, அவர்கள் போன பிறகு தேயிலைக் கப்பல்களுக்கு மாறியவர். பெட்டிகளைத் தோணியிலிருந்து கப்பலுக்கு ஏற்றும்போது மேலிருந்து கீழேயும் கீழிருந்து மேலேயும் நாள் முழுக்கக் கத்தவேண்டிய வேலை அது. அந்தி நேரம் வந்து, கிணற்றில் அள்ளி முழுகி, சாரத்தை மாற்றி, குசினி வாசலில் வந்து இருப்பார்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் பாரைமீன் குழம்பும். ரீச்சர் பரிமாறினார். ஒருவரும் கதைக்கவில்லை. புதிய ஆள் வந்திருக்கிற கூச்சமாக்கும் என்று சீலா நினைத்தாள். இரண்டாம் நாளும் கதையில்லை. மூன்றாம் நாள் அவளே தொடங்கினாள்.

"குழம்பு நல்ல ருசி ரீச்சர். அம்மா இவ்வளவு புளி விடமாட்டா."

ரீச்சர் மண்ணெண்ணெய் விளக்கின் மங்கலில் குனிந்து புட்டைக் கிளறிக்கொண்டிருந்தார். பதில் இல்லை.

"இன்னும் கொஞ்சம் விடவோ?" என்று சிறிது நேரம் கழித்து அவராகவே கேட்டார்.

யேசுரட்ணம் தட்டை வழித்துவிட்டு எழும்பிப் போனார். விளக்கைத் தூர வைத்துக்கொண்டுதான் அவர் சாப்பிடுவார். நாள் முழுக்கக் கப்பல்தட்டு வெயிலில் நிற்கிறவருக்கு விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துமாம். வெளியே தென்னோலை அசைகிற சத்தமும், எங்கோ ஒரு வீட்டில் வானொலிச் செய்தியும் கேட்டன. பகல் முழுக்கப் பிள்ளைகளுக்கு நடுவே அத்தனை உயிரோடு நின்ற மனுஷி, விளக்கு வைத்ததும் இப்படி அணைந்துபோகிறாரே என்று சீலாவுக்கு விளங்கவில்லை. மூதூர் வீட்டில் இந்த நேரம் தாயும் தம்பிமாரும் போடுகிற சத்தத்தை நினைத்தாள். படுக்கப் போனபோது கொஞ்சம் அழுகையும் வந்தது.

*

ஐப்பசியில் மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் பள்ளிக்கூடத்தில் பாடம் நின்றுவிடும். என்ன கத்தினாலும் கேட்காது. மற்ற வகுப்பு ஆசிரியர்கள் கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்து நிற்பார்கள். பிள்ளைகள் கூரை ஒழுக்குக்குக் கையை ஏந்துவார்கள்.

மரியம்மா ரீச்சரின் வகுப்பு மட்டும் நிற்கவில்லை. ரீச்சர் வாயைத் திறந்து அசைக்க, பிள்ளைகள் அதைப் பார்த்துத் தங்கள் சிலேட்டில் எழுதினார்கள். ஒரு பிள்ளை எழும்பி வந்து, கையைத் தொட்டு, வாயசைத்துப் பதில் சொன்னது. ரீச்சர் சிரித்துத் தலையாட்டினார். அந்த மழை இரைச்சலுக்குள் அந்தப் பலகைத் தட்டிகளுக்கு நடுவே ஒரு வகுப்பு சத்தமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. சீலாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒரு கற்பித்தல் முறை எந்தப் புத்தகத்திலும் இருக்காது என்று நினைத்தாள்.

ஆனால் இன்னொன்றையும் அவள் கண்டாள். ரீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் வகுப்பு சந்தையாகிவிடும். கிள்ளுவார்கள், தள்ளுவார்கள், ஒருவன் சேவல்போலக் கூவுவான். ரீச்சர் திரும்புவதேயில்லை. சத்தம் மிஞ்சினால் அடுத்த வகுப்பிலிருந்து தலைமை ஆசிரியர் தட்டியில் பிரம்பால் அடிப்பார். உடனே ஒரு பிள்ளை ஓடிப்போய் ரீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும். அதற்குப் பிறகுதான் அவர் திரும்புவார்.

சீலா இருந்த முன்வாங்கில் நஜ்முன் நிஸா என்று ஒரு பிள்ளை. சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் லாபிரின் மகள். முன்பற்கள் இரண்டும் விழுந்து, புதியது முளைக்கவில்லை. பொக்கை வாய் என்று பொடியன்கள் சிரித்ததிலிருந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் கதைப்பாள். கூட்டல், கழித்தல், வாசிப்பு எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பக்கத்தில் இருந்த சீலாவுக்கு அது தெரியும். ஆனால் முன்னால் போய் நின்று, கையைத் தொட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அவள் சரியான விடையைச் சொல்லுகிற ஒவ்வொரு முறையும் ரீச்சரின் முகம் சுருங்கும்.

"தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லு. ஏன் வந்து நிக்கிறாய்? போய் இரு."

பிள்ளை திரும்பி வந்து இருக்கும். கண்ணில் தண்ணீர் முட்டும். ஒருநாள் ஏழும் எட்டும் எத்தனை என்று ரீச்சர் கேட்டார். நஜ்முன் நிஸா போய், பொத்திய கைக்குள் பதினைந்து என்றாள். பின்வாங்கில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது. ரீச்சருக்கு மட்டும் கேட்கவில்லை.

சீலா அவருடைய கண்களைப் பார்த்தாள். அந்தக் கண்கள் பிள்ளையின் கண்ணை அல்ல, பொத்திய கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றன. சாத்தியிருக்கிற கதவு திறக்குமா என்று பார்ப்பதைப் போன்ற பார்வை. இத்தனை நாளும் தான் கண்டது எதுவென்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் எழும்பி, ரீச்சருக்கு நேரே நின்று, "பதினைஞ்சு எண்டு சொல்லுறா ரீச்சர்" என்றாள்.

ரீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பிள்ளையின் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார். மிச்சப் பாடத்துக்கு அவருடைய குரல் தணிந்தே இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில், ஒழுங்கைத் திருப்பத்தில் நின்று கேட்டார்:

"எப்ப கண்டுபிடிச்சனீ?"

"இண்டைக்குத்தான் ரீச்சர்."

"எல்சி சொல்லி அனுப்பேல்லையோ?"

"அம்மாவுக்குத் தெரியாது."

"மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினாக் குளிசை விழுங்கி விழுங்கி வந்தது. முதல் காதுக்குள்ள ஒரு இரைச்சல். பிறகு அந்த இரைச்சலும் இல்லை." அவர் குடையை மடக்கினார். "பாக்கியரத்தினம் மாஸ்டருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார், நல்ல மனுஷன். மேல தெரிஞ்சா மெடிக்கல் போர்ட்டுக்கு அனுப்பி வீட்டில இருத்திப்போடுவினம். நீ ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத."

"சொல்லமாட்டன் ரீச்சர். நான்... பிள்ளையளைக் கிட்டக் கூப்பிட்டுக் கதைக்கிறது ஒரு முறையெண்டு நினைச்சனான். கலாசாலையில சொல்லவேணும் எண்டுகூட..."

ரீச்சர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்று, சொல்லி முடிந்ததும் சத்தமாகச் சிரித்தார். ஒழுங்கையில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"முறையும் கிறையும்! காது கேக்காட்டி வேற என்னத்தைச் செய்யிறது, பிள்ளை?"

*

அன்று அந்தியில் கிணற்றடியில் யேசுரட்ணம் அவளைக் கூப்பிட்டார். மனைவி குசினிக்குள் இருந்தாலும் அவர் குரலைத் தணிக்கவில்லை. அதற்கு அங்கே தேவை இருக்கவில்லை.

"தெரிஞ்சிட்டுது போல. இண்டைக்கு அவவின்ர முகத்துக்கு நேர நிண்டு கதைக்கிறாய்."

"ஓம் மாமா."

"நான் அவவோட கதைக்கிறேல்ல எண்டு நீ நினைச்சிருப்பாய். வந்த நாள்தொட்டுப் பார்த்தனான், உன்ர முகத்தில தெரிஞ்சுது." அவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். "விடிஞ்சாப் பொழுதுபட்டா அந்த வின்ச் சத்தத்துக்குள்ள நிண்டு கத்திறன் பிள்ளை. நான் ஒரு சொல்லைத் தவறவிட்டா ஒருத்தன்ர தலையில பெட்டி விழும். வீட்டுக்கு வந்தா வாய் திறக்க ஏலாது. முந்தி அவதான் கதைப்பா, நான் கேட்டுக்கொண்டு இருப்பன். பள்ளிக்கூடத்துப் புதினமெல்லாம் சொல்லுவா. இப்ப அவவும் சொல்லுறேல்ல. திருப்பி ஒண்டும் வராட்டி ஆர்தான் சொல்லுவினம்?"

"விளக்கைக் கிட்ட வச்சுக் கதைச்சா ரீச்சருக்கு விளங்கும் மாமா."

"விளங்கும். எனக்கும் தெரியும்." அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேலையை விடச் சொல்லி எத்தனை தரம் சொன்னனான். விட்டுப்போட்டு வீட்டில இரு எண்டு. அவ என்ன சொன்னவ தெரியுமே? இந்த வீட்டில ஆரோட இருக்க எண்டு கேட்டவ."

அவர் எழும்பித் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

*

கார்த்திகையில் ஒருநாள் விடாத மழை. ரீச்சர் கரும்பலகையில் சேவல் ஒன்றைக் கீறத் தொடங்கினார். நிறச் சுண்ணக்கட்டியால் சொண்டு, பிறகு தலைப்பூ, பிறகு கழுத்து என்று ஆறுதலாகக் கீறுவார். பிள்ளைகள் அதைப் பார்த்து வசனம் எழுதவேண்டும். "மஞ்சள் முடிஞ்சுது. மாஸ்டரிட்ட வாங்கி வா" என்று சீலாவை அனுப்பினார்.

தலைமை ஆசிரியரின் அலுமாரிப் பூட்டின் திறப்பைத் தேடி எடுக்கக் கொஞ்சம் நேரம் சென்றுவிட்டது. சீலா திரும்பி வந்தபோது வகுப்பு அவளுக்குப் பழக்கமில்லாத மாதிரி அசையாமல் இருந்தது. பொடியன்கள் சிலர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கால் உடைந்த வாங்கொன்று சரிந்து கிடந்தது. அதன் கீழே நஜ்முன் நிஸா. அவளுடைய ஒரு கால் அதற்குள் அகப்பட்டிருந்தது. பிள்ளை வீறிட்டு அழுது குழறிக்கொண்டிருந்தாள். மழையில் அடுத்த வகுப்புக்கு அது கேட்டிருக்காது. தள்ளி விளையாடி வாங்கைச் சரித்தவர்கள் அடி விழும் என்ற பயத்தில், வழக்கம்போல் ஓடிப்போய்ச் சேலையை இழுக்கவில்லை. அழுதுகொண்டிருந்த அந்த நேரத்திலும் பிள்ளை ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

ரீச்சர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, சேவலின் வாலைக் கீறிக்கொண்டு நின்றார்.

சீலா வாங்கைத் தூக்கிப் பிள்ளையை இழுத்தெடுத்தாள். பாதம் வீங்கி, விரலடியால் இரத்தம் வந்தது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் ரீச்சர் திரும்பினார். கையிலிருந்த சுண்ணக்கட்டி கீழே விழுந்தது.

லாபிர் மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மகளை ஒரு தோளில் சாய்த்து, மறுகையில் குடை பிடித்திருந்தார். பிள்ளையின் காலில் பெரிய கட்டு. எலும்பு முறியவில்லை, வீக்கம் வற்ற நாள் பிடிக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர் அமைதியான மனிதர். வேறு பெண்ணின் முகத்தை நேரே பார்த்துக் கதைப்பது மரியாதையில்லை என்று பழகியவர். வாசற்படியின் கீழே நின்று, மகளின் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"நடந்தது நடந்துட்டு ரீச்சர். வாங்கு விழும்தான். ஒண்டே ஒண்டுதான் கேக்க வந்தன். பிள்ள அழுற சத்தத்தக் கேட்டுக்கிட்டேதானா படம் கீறிக்கிட்டு நிண்டீங்க?"

ரீச்சர் பிள்ளையின் கட்டைப் பார்த்தார். தகப்பன் காலைப் பற்றித்தான் ஏதோ சொல்லுகிறார் என்று எடுத்துக்கொண்டு, பணிவாகத் தலையை ஆட்டினார்.

"ஓம், ஓம்" என்றார்.

லாபிர் நிமிர்ந்தார். எதிர்பாராமல் அறை வாங்கியவரின் முகம் அது. இரண்டு அடி தள்ளி நின்ற சீலா வாயைத் திறந்தாள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கு குறுக்கே வந்தது. அவள் மூச்சு விடுவதற்குள் லாபிர் திரும்பி மழைக்குள் நடந்துவிட்டார். பிள்ளை தகப்பனின் தோளுக்கு மேலால் ரீச்சரைப் பார்த்துக்கொண்டே போனாள்.

*

நஜ்முன் நிஸா பள்ளிக்கு வரவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் வரவில்லை. சந்தியில் பெண்கள் ரீச்சரைக் கண்டால் குடையைச் சரித்துக்கொண்டு போனார்கள். பிள்ளை துடிக்கத் துடிக்கப் படம் கீறினவளாம், கேட்டதற்கு ஓம் என்று வாயால் சொன்னாளாம் என்ற கதை எல்லாக் காதுகளுக்கும் எட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தி, சாப்பாட்டுக்கு இருந்தபோது ரீச்சர் கேட்டார்.

"பிள்ளை, என்னவோ நடந்திருக்கு. பூசையில ஒருத்தரும் என்ர பக்கத்தில வந்து இருக்கேல்ல. லாபிர் அண்டைக்கு என்ன சொன்னவர்?"

சீலா யேசுரட்ணத்தைப் பார்த்தாள். அவர் கை புட்டில் அப்படியே நின்றது. அவருக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது. சீலா எழும்பிப் போய் விளக்கை எடுத்துவந்து, தன் முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு ரீச்சருக்கு முன்னால் இருந்தாள். சிம்னியின் சூடு கன்னத்தில் அடித்தது.

"பிள்ளை அழுறதைக் கேட்டுக்கொண்டோ படம் கீறினீங்கள் எண்டு கேட்டவர். நீங்கள் ஓம் எண்டு சொன்னீங்கள்."

ரீச்சர் அவளுடைய உதட்டைப் பார்த்தபடியே இருந்தார். விளங்கவில்லையோ என்று சீலா திரும்பச் சொல்லத் தொடங்கினாள். அவர் கையால் தடுத்தார்.

"கனநேரம் அழுததோ?"

பொய் சொல்லலாம் என்று சீலாவுக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் கண்கள் தன் வாயை விட்டு அசையாமல் இருக்கும்போது அவளால் அது முடியவில்லை.

"நான் போகேக்க கழுத்துக் கீறிக்கொண்டு நிண்டீங்கள். வரேக்க வால்."

"குழறி அழுததோ?"

"ஓம் ரீச்சர்."

ரீச்சர் தட்டைத் தள்ளி வைத்தார். யேசுரட்ணம் "மரியம்மா" என்றார். அவர் இருந்த பக்கம் இருட்டு. ரீச்சர் திரும்பவில்லை.

*

மறுநாள் விடியப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ரீச்சர் சந்தியில் நின்று, வேகமாகத் தெருவைக் கடந்து லாபிரின் கடைக்குள் ஏறினார். துறைமுகத்துக்குப் போகிறவர்கள் குடித்துவிட்டுப் போகிற நேரம். கடை நிறைய ஆண்கள். கடைசி வாங்கில் தேத்தண்ணிக் கோப்பையோடு யேசுரட்ணமும் இருந்தார். சீலா பின்னால் ஓடிவந்து வாசலில் நின்றுகொண்டாள்.

"லாபிர் தம்பி" என்றார் ரீச்சர். குரல் அவருக்கே தெரியாமல் ஓங்கியிருந்தது. "எனக்குக் காது கேக்காது. ஒண்டும் கேக்காது. நீங்கள் கேட்டது எனக்கு விளங்கேல்ல. விளங்காமல்தான் ஓம் எண்டு சொன்னனான். பிள்ளை அழுதது கேட்டிருந்தா..."

கடையில் ஒரு கோப்பைகூட அசையவில்லை. அந்த அமைதியும் அவருக்குத் தெரியாது என்பதால், இன்னும் உரக்க, "எனக்குக் காது கேக்காது!" என்று திரும்பவும் சொன்னார்.

லாபிர் கல்லாவை விட்டு வெளியே வந்தார். முதல்முறையாக ரீச்சரின் முகத்தை நேரே பார்த்தார்.

"அப்ப ஏன் ரீச்சர் சொல்லாம இருந்தீங்க?"

இது விளங்கியது அவருக்கு. "சொன்னா வகுப்பை எடுத்துப்போடுவினம்."

"இப்ப சொல்லிட்டீங்களே."

"ஓம்" என்றார் ரீச்சர். இந்த முறை அது விளங்கித்தான் வந்தது.

லாபிர் ஒரு கதிரையை இழுத்துத் துடைத்துப் போட்டார். ரீச்சர் இருக்கவில்லை. படியிறங்கும்போது கடைசி வாங்கில் புருஷனைக் கண்டார். யேசுரட்ணம் எழும்பி நின்றுகொண்டிருந்தார். ஏதோ சொல்லப் போகிறவர்போல வாய் திறந்தது. சுற்றிவர எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வேலைக்கு நடந்தார்.

அங்கிருந்து நேரே தலைமை ஆசிரியரிடம்தான் ரீச்சர் போனார். பாக்கியரத்தினம் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் வாயால சொல்லிப்போட்டீங்கள் ரீச்சர். இனி நான் மேல எழுதாமல் விட ஏலாது" என்றார். கலாசாலைக்குப் போகும்வரை வகுப்பைச் சீலா பார்த்துக்கொள்ளட்டும் என்றாயிற்று.

நஜ்முன் நிஸா நொண்டி நொண்டி வந்தாள். முதல்நாளே "ரீச்சர் எங்க?" என்று கேட்டாள். வீட்டில் என்றதும், "அங்க ரீச்சரோட ஆர் கதைப்பாங்க?" என்றாள். வாயைப் பொத்தாமல்தான் கேட்டாள். சீலா அவளைக் கணக்கு எழுதச் சொன்னாள்.

வீட்டில் ரீச்சர் விடியவே எழும்பிச் சேலை கட்டிக் கொண்டை முடிந்துகொள்வார். பிறகு போக இடமில்லாமல் விறாந்தையில் இருப்பார். யேசுரட்ணம் இப்போது விளக்கைத் தானே தூக்கிவந்து இருவருக்கும் நடுவில் வைத்தார். கண் கூசினாலும் முகத்தைத் திருப்பவில்லை. "இண்டைக்கு ஒரு கப்பல் வந்தது" என்பார். ரீச்சர் தலையாட்டுவார். அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று யேசுரட்ணத்துக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் கேட்டுக்கொண்டே இருந்த மனிதர். வெளிச்சம் இருவர் முகத்திலும் விழ, இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சீலா தன் தட்டைக் கழுவுகிற சாக்கில் எழும்பிப் போய்விடுவாள்.

*

மார்கழியில் தவணை முடிந்தது. அடுத்த நாள் மூதூர் போகிற மோட்டார்ப் படகுக்கு, லோஞ்சுக்கு, ரீச்சர் கூடவே வந்தார். கையில் வாழையிலையில் கட்டிய இடியப்பமும் சம்பலும். கடல் கலங்கி, லோஞ்ச் இறங்குதுறையில் முட்டி முட்டி ஆடிக்கொண்டிருந்தது. நெல்மூட்டை, கோழிக்கூடை, கிளிவெட்டிக்குப் போகிற ஒரு கலியாண வீட்டுக் கூட்டம் என்று ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் இரைந்துகொண்டு நின்றார்கள்.

"கவனமாப் படி" என்றார் ரீச்சர். "எல்சியைக் கேட்டதாகச் சொல்லு."

"நீங்கள் ஒருக்கா எங்கட வீட்டுக்கு வாங்கோ ரீச்சர்."

"வாறன். பார்ப்பம்."

சீலா அவருடைய கையைப் பிடித்தாள். சொல்ல இன்னும் நிறைய இருந்தது. ஆட்கள் தள்ள, அவள் ஏறிவிட்டாள்.

எஞ்சின் முழங்கியது. லோஞ்ச் விலகத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் கத்தினார்கள். கரையில் நின்ற ஒரு பெண் கழுத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ கூவ, லோஞ்சில் இருந்தவர்கள் "என்ன? என்ன?" என்று காதில் கையை வைத்தார்கள். ஒன்றும் ஒருவருக்கும் கேட்கவில்லை. சீலா கத்தவில்லை. லோஞ்சின் ஓரத் தடியைப் பிடித்துக்கொண்டு, ரீச்சரைப் பார்த்து, வாயை மட்டும் அசைத்தாள்: தனிய இருக்காதேங்கோ.

அவ்வளவு தண்ணீருக்கு அப்பால் நின்ற ரீச்சருக்கு அது உடனே விளங்கியது. முகம் மாறியதில் சீலாவுக்குத் தெரிந்தது. ரீச்சர் சேலைத் தலைப்பைக் காற்றில் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார். ஒரு சொல் அல்ல, நீண்ட பதில். உதடுகள் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன.

சீலாவுக்கு அது விளங்கவில்லை.

ஒரு தவணை முழுக்க அவர் எப்படி விளங்கிக்கொள்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தவள். இருந்தும் ஒரு சொல்கூட அவளால் பிடிக்க முடியவில்லை. ஓம் என்று தலையாட்டிவிடலாம். ரீச்சர் திருப்திப்பட்டுப் போய்விடுவார். அவள் ஆட்டவில்லை. விளங்கவில்லை என்று கையை விரித்தாள்.

ரீச்சர் இறங்குதுறையின் விளிம்புக்கு வந்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக, ஆறுதலாக, மறுபடி சொன்னார். சீலா மறுபடி கையை விரித்தாள். லோஞ்ச் துறைமுக வாயை நோக்கித் திரும்பியது. மூன்றாம் முறையும் ரீச்சரின் வாய் அசைவது தெரிந்தது. பிறகு முகம் தெரியவில்லை. வெள்ளைச் சேலை மட்டும் தெரிந்தது, அது போகாமல் அங்கேயே நின்றது.